நீலத் தண்ணீர்

மூன்று வாரம். இருபது லிட்டர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு, ஆயிரத்து அறுநூறு அடிக்கட்டைகளுக்கு நான் தெளித்தது வெறும் தண்ணீர். சாயம் கலந்த ஏரித் தண்ணீர். நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. இதைச் செய்தவன் வேற்று ஆள் இல்லை, என் கூடப்பிறந்த தம்பி இல்போ.

அப்பா விட்டுப்போனதில் வயலும் மாட்டுக் கொட்டகையும் இல்போவுக்கு. ஏரியோரத்து நாலு ஹெக்டேர், ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரக் காடு, எங்கள் இருவருக்கும் பொது. அந்தக் காட்டை நட்டதே நாங்கள்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பதினேழு. நான் குழி போட, அவன் கன்று வைக்க, ஒரு வசந்தம் முழுக்க முதுகு ஒடிய நட்டோம். அதன் பிறகு முப்பது வருஷம் நான் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கினேன். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. ஹெல்கா என்று ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல இந்த பூமியில் நிற்கப்போவது அந்த மரங்கள் மட்டும்தான். அதனால் அந்தக் காட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ஊருக்கே தெரியும்.

ஏப்ரலில் ஒரு நாள் இல்போ என் வீட்டுக்கு வந்தான். மூன்று கோப்பை காபி குடித்தான். வானிலை பேசினான். போய்விட்டான். மறுபடி மே மாதம் வந்தபோது காட்டைக் கலைக்கிற பேச்சை எடுத்தான். நெருக்கமாக நிற்பதில் மெலிந்ததையும் கோணலையும் வெட்டி எடுத்துவிட்டு, மீதி மரங்களுக்கு வெளிச்சம் கொடுக்கிற வேலை. செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அவன் அதைக் கோடையில் செய்ய வேண்டும் என்றான்.

"மண்ணு உறையட்டும்டா. ஜனவரியில வெட்டலாம்" என்றேன்.

"எந்த ஜனவரி? போன ஜனவரியில டிராக்டர் அச்சு வரைக்கும் சேத்துல புதைஞ்சுதே, மறந்துட்டியா? இனிமே மண்ணு உறையுறத நீ படத்துலதான் பாக்கணும்."

"கோடையில வெட்டினா பூஞ்சை பிடிக்கும்."

"அதுக்குத்தான் யூரியா இருக்கே. ஒரு கட்டை விடாம தெளிப்போம். நீயே தெளி. உன் கையாலயே தெளி. அப்பவாவது நம்புவியா?"

இந்தப் பூஞ்சையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத தூள். கோடைக் காற்றில் எங்கும் பறக்கும். அப்போதுதான் வெட்டிய ஸ்ப்ரூஸ் கட்டையின் ஈர முகத்தில் வந்து உட்காரும். கட்டைக்குள் இறங்கி, வேருக்குப் போய், அந்த வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து மரத்தின் வேருக்குள் நுழைந்து, நிற்கிற மரத்தை உள்ளேயிருந்து தின்னும். வெளியே பச்சையாகத்தான் நிற்கும். இருபது வருஷம் கழித்து வெட்டிப் பார்த்தால் நடுவில் ஈரப் பஞ்சு. இதைத் தடுக்க வெட்டின சூட்டோடு கட்டையின் முகத்தில் யூரியாக் கரைசலைத் தெளிக்க வேண்டும். எந்தக் கட்டை முடிந்தது, எது விட்டுப்போனது என்று தெரிவதற்காக அதில் நீலச் சாயம் கலப்பார்கள்.

யூரியா நான் வாங்கிப் போட்டேன். ஆறு மூட்டை. தேவைக்கு இரண்டு மடங்கு. நான் எப்போதும் அப்படித்தான். தொட்டியும் பம்பும் இல்போவின் கொட்டகையில் இருந்ததால் கரைத்து வைப்பது அவன் பொறுப்பு. மரம் வெட்டுவதும் அவன்தான், என் சங்கிலி ரம்பத்தை வைத்து. பின்னாலேயே போய்த் தெளிப்பது நான்.

நடுக்கோடைத் திருநாள் முடிந்த மறுநாள் ஆரம்பித்தோம். அவன் வெட்டினான், கிளை கழித்தான், நான் தெளித்தேன். என் விரல் நகம், கழுத்து, உள்ளாடை வரைக்கும் நீலம். கடைக்குப் போனால் காசு வாங்கும் பெண் "என்ன ஹெல்கா, வீட்டுக்குப் பெயின்டா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் பெருமையாகச் சிரித்தேன். என்ன ஒரு மடச்சி!

ஒரே ஒரு இடத்தில்தான் சண்டை வந்தது. சுனை மூலையில் ஒரு ஸ்ப்ரூஸ் இருக்கிறது. நாங்கள் நட்டதில் முதல் கன்று அது, இல்போ வைத்தது. அவன் மகள் ஹென்னா சின்னவளாக இருந்தபோது, வருஷா வருஷம் அவள் பிறந்தநாளன்று அந்த மரத்தில் அவளை நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராக ஓர் ஆணி அடிப்பான். பதினோரு ஆணிகள். ஹென்னா இப்போது நார்வேயில். ஆறு வருஷமாக அப்பனிடம் பேச்சில்லை; என்ன தகராறு என்று இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள். மரம் வளர்ந்துவிட்டது, ஆணிகள் அடித்த உயரத்திலேயே இருக்கின்றன. எனக்கு அந்த ஆணிகளைக் கண்டாலே ஆகாது. விற்கிற மரத்தில் இரும்பை வைத்தால் எந்த ரம்பம் தாங்கும்?

"உன் ஆணியில என் மிஷினு பல்லு ஒரு நாள் போகப்போகுது பாரு" என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றும் சொன்னேன்.

"அந்த மரத்தை வெட்டப்போறதில்லையே, அப்புறம் பல்லு எப்படிப் போகும்?" என்றான். அதைச் சுற்றி நின்ற மூன்று மெலிந்த மரங்களை மட்டும் வெட்டினான். அந்த மூன்று கட்டைகளையும் நான் நீலத்தில் குளிப்பாட்டினேன்.

ஜூலை நடுவில் வேலை முடிந்தது. ஒரு நாள் முழுக்க நடந்து ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தேன். எல்லாம் நீலம். சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏலக்காய் பன் சுட்டு ஒரு தட்டு நிறைய இல்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "நல்லா உப்பியிருக்கு" என்றான். அந்த வாய் எப்படித்தான் அந்த பன்னை மென்றதோ.

ஜூலைக் கடைசியில் அவன் வீட்டுப் பக்கம் வண்டியில் போனேன். ஊர் முழுக்க ஓட்ஸ் வெளிறிக் கிடந்தது. அது உர விலை ஏறிய வருஷம். எல்லோரும் பாதிக்குப் பாதிதான் போட்டிருந்தார்கள். இல்போவின் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஹெக்டேர் மட்டும் கரும்பச்சையாகக் கறுத்து, தளதளவென்று, இடுப்பு உயரத்துக்கு நின்றது. மற்ற வயல்களில் கதிர் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இங்கே இன்னும் இலை விட்டுக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் முதுகு எனக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தியது.

யூரியா கரைத்த தண்ணீர் சில்லென்று இருக்கும். கரைகிறபோது தண்ணீரின் சூட்டையே உறிஞ்சிவிடும். கேனின் வெளிப்புறம் வியர்த்துப்போகும். அவன் காலையில் கரைத்து எட்டு மணிக்குக் கொடுக்கிற கேன் என் முதுகில் ஐஸ் கட்டியாக இருந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட இல்லை. வெதுவெதுவென்று, ஏரியில் குளிக்கிற மாதிரி இருந்தது. கட்டைகள் காய்ந்தபோது முகத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. மழை கழுவியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் முதுகுக்குத் தெரிந்தது என் மூளைக்குத் தெரியவில்லை.

நேரே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் இல்போவை எனக்குத் தெரியும். "ஓட்ஸ் நல்லா வந்தா குத்தமா?" என்பான். அவன் வாயை அடைக்கிற மாதிரி கையில் ஏதாவது வேண்டும். காட்டுக்குப் போனேன். முப்பது கட்டைகளில் மேல்முகத்தை வட்டத் துண்டுகளாக அறுத்தேன். ஒவ்வொன்றையும் ஈரத் தாளில் சுற்றி, ரொட்டி வந்த பையில் போட்டுக் கட்டி, எந்த இடத்துக் கட்டை என்று மேலே எழுதி, பிரிட்ஜ் மேலும் அலமாரி மேலும் அடுக்கினேன். இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. வனச் சங்கத்துக்காரர் ஒரு கூட்டத்தில் சொன்னது. ஒரு வாரம் அறைச் சூட்டில் வைத்தால், பூஞ்சை இருந்தால் முளைக்கும்.

ஏழாம் நாள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பதில் இருபத்தாறு துண்டுகளில் ஊசிமுனையில் பஞ்சு வைத்த மாதிரி குட்டிக் குட்டி வெள்ளைத் தலைகள். ஒரு துண்டைப் பார்த்தேன், இன்னொன்றைப் பார்த்தேன், கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு என் சமையலறையில் தனியாக நின்று கத்தினேன். பக்கத்து வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பது நல்லதாகப் போயிற்று.

அது இல்போவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள்.

அறுபது என்றால் எங்கள் ஊரில் வீட்டைத் திறந்து வைத்துவிடுவார்கள். அழைப்பு கிடையாது, எல்லோரும் வருவார்கள். இல்போவின் மனைவி மைரே மூன்று நாளாகச் சமைத்திருந்தாள். நடுமேஜையில் இறாலும் முட்டையும் அடுக்கிய உப்பு கேக், சுற்றிலும் ஏழு வகைப் பலகாரம். இருபது இருபத்தைந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இல்போ இஸ்திரி போட்ட சட்டையில், தலைக்குத் தண்ணீர் தடவிச் சீவி, வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

நான் உருளைக்கிழங்குக் கூடையில் முப்பது பைகளையும் அள்ளிக்கொண்டு போயிருந்தேன். கேக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பேச்சு நின்றுபோனது. எங்கள் ஊரில் ஏற்கெனவே அதிகம் பேச மாட்டார்கள் என்பதால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

"ஹெல்கா, என்னதிது?" என்றாள் மைரே.

"பொறந்தநாள் பரிசு. உன் புருஷன் வளர்த்தது. காளான்."

"அக்கா, வெளியில போய்ப் பேசலாம்" என்று இல்போ எழுந்தான்.

"உக்காருடா! வெளியில என்ன பேச்சு? ஊரெல்லாம் இருக்கு, இங்கயே சொல்லு. மூணு வாரம் என் முதுகுல என்னத்த ஏத்தி அனுப்பின?"

அவன் உட்கார்ந்தான்.

"வாயில என்ன, இறாலா? ஆறு மூட்டை யூரியா எங்கடா போச்சு?"

பக்கத்துப் பண்ணைக்காரர் வில்ஹோ, எண்பதைத் தாண்டியவர், சன்னல் வழியாகக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "நானும் நெனச்சேன், அந்த ஓட்ஸுக்கு என்னத்த ஊட்டுறான்னு" என்றார். யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"சொல்லுடா. நாற்பத்து மூணு வருஷத்து மரம். ஒன்னோட கையால வெச்சது. ஒரு ஹெக்டேர் ஓட்ஸுக்காக அத்தனையையும் அழுக விட்டுட்டு, நான் நீலத் தண்ணியத் தெளிக்கிறத வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியேடா! எனக்கு வேற என்னடா இருக்கு? சொல்லு, வேற என்ன இருக்கு?"

என் குரல் உடைந்தது. அதற்கும் சேர்த்து அவன் மேல் கோபம் வந்தது.

இல்போ தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "ஏப்ரல்ல வந்தேன்ல."

"வந்த. கேட்டியா?"

"மூணு கப் குடிச்சேன்."

அந்த வீட்டில் இருந்த அத்தனை கண்களும் அவனை விட்டு என் பக்கம் திரும்பின.

எங்கள் பக்கத்தில் வாய்விட்டு யாரும் எதையும் கேட்பதில்லை. செத்தாலும் கேட்க மாட்டார்கள். வேண்டியவன் வந்து உட்காருவான். முதல் கோப்பை மரியாதைக்கு. இரண்டாவது ருசிக்கு. மூன்றாவதுக்குக் கோப்பையை நீட்டினால் அவன் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஊற்றுகிறவள் "சரி, என்ன சேதி?" என்று எடுத்துக்கொடுக்க வேண்டும். அது அவள் கடமை. அவள் எடுத்துக்கொடுத்தால்தான் அவனால் சொல்ல முடியும். மூன்றாவது கோப்பையை ஊற்றிவிட்டு எடுத்துக்கொடுக்காமல் இருப்பது வாசலில் வந்தவன் முகத்தில் கதவை அறைவது மாதிரி.

ஏப்ரலில் அவன் மூன்றாவது கோப்பையை நீட்டினான். எனக்குத் தெரிந்தது. உரத்துக்கு அல்லாடுகிறான் என்றும் தெரிந்தது. மைரே கடையில் சொல்லி அழுதது என் காதுக்கு வந்திருந்தது. ஊற்றினேன். பிறகு மூஸ் மானைப் பற்றிப் பேசினேன். மரக்கன்றைக் கடித்த மூஸ் மானைப் பற்றி முக்கால் மணி நேரம். கேட்கட்டுமே, ஒரு தடவை வாயைத் திறந்து என்னிடம் கேட்கட்டுமே என்று இருந்தது எனக்கு. அப்பா வயலை அவனுக்குக் கொடுத்த நாளிலிருந்து எனக்குள் அப்படி ஒன்று இருந்தது. அவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

வில்ஹோ தன் கோப்பையைத் தட்டில் வைத்தார். "மூணாவது கப்பா, ஹெல்கா?" என்றார்.

"அதுக்காகத் திருடலாமா?" என்று கத்தினேன். "மூணு கப் என்ன, முப்பது கப் குடிக்கட்டும்! அதுக்காகக் காட்டக் கொல்லலாமா?"

ஊர் எங்கள் இருவரையும் பாதிக்குப் பாதி குற்றவாளியாக்கிவிட்டுக் கேக்கை வெட்டத் தொடங்கியது. நான் பைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். தின்னட்டும் அதையும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இல்போ என் வாசலில் நின்றான். அதற்குள் நான் வனச் சங்கத்துக்காரருக்கு போன் போட்டுப் பேசியிருந்தேன். அவர் சொன்னது: "புஸ்தகத்துல இல்லாத வேலை. ஆனா செஞ்சு பாக்குறதுல தப்பில்ல. ஒவ்வொரு கட்டையையும் மண்ணோட மட்டத்துக்கு இறக்கி அறுங்க. உடனே ஒழுங்கா மருந்து போடுங்க. அப்புறம் மறுபடி சோதிங்க. அதுக்கும் கீழ இறங்கியிருந்தா கட்டையைத் தோண்டித்தான் எடுக்கணும். வேர் பின்னியிருக்கிற பக்கத்து மரத்தையும் சேத்து."

"முட்டி போடத் தெரியுமா?" என்று இல்போவிடம் கேட்டேன்.

"தெரியும்."

"அப்ப வா."

பதினொரு நாள். யூரியாவை இந்தத் தடவை நான் கரைத்தேன், கேன் வியர்த்து வழிந்தது, முதுகு விறைத்தது. அவன் ஒவ்வொரு கட்டைக்கும் முட்டி போட்டு, பாசியை ஒதுக்கி, ரம்பத்தை மண்ணுக்குச் சமமாகப் பிடித்து அறுத்தான். கல் பட்டுப் பட்டுச் சங்கிலி மழுங்கியது. அரைமணிக்கு ஒரு தடவை அரம் போட்டான். அறுபது வயது முதுகு. மத்தியானத்தில் எழுந்திருக்க முடியாமல் பிர்ச் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கை கொடுக்கவில்லை. கறுப்பு ரொட்டியை அவன் ஒரு கட்டையில் உட்கார்ந்து தின்றான், நான் இன்னொன்றில். ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பேசினால் கத்தத்தான் வரும். அவனுக்குப் பேசவே வராது.

நாலாம் நாள் இடியோடு மழை வந்தது. மறுநாள் அந்தக் கறுத்த ஓட்ஸ் வயல் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. உரம் அதிகமாகித் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது, நிற்க வலுவில்லை. கதிர் முற்றவே இல்லை. ஊரில் வெளிறிக் கிடந்த மற்ற ஓட்ஸெல்லாம் நின்றது. காட்டுக்கு வருகிற வழியில் இல்போ வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. என் மரமும் போச்சு, அவன் கதிரும் போச்சு, அப்புறம் யாருக்குத்தான்டா அந்த யூரியா என்று வயிறு இன்னும் எரிந்தது.

வேலை முடிந்ததும் அறுபது இடங்களில் புதுத் துண்டு அறுத்தேன். மறுபடி ரொட்டிப் பைகள், மறுபடி பிரிட்ஜ் மேல் ஒரு வாரம். ஒரு பை சுத்தம். இரண்டாவது சுத்தம். பத்து, இருபது, முப்பது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டுவிட்டு மீதியைப் பார்த்தேன். அறுபதில் ஐம்பத்தேழு சுத்தம். காடு பிழைத்துவிட்டது. முழுசாக என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பிழைத்துவிட்டது.

மூன்று பைகளில் மட்டும் வெள்ளைத் தலைகள். மூன்றின் மேலும் என் கையெழுத்தில் ஒரே பெயர்: சுனை மூலை. முதல் நாள் வெட்டிய கட்டைகள். பூஞ்சைக்கு அங்கேதான் அதிக நேரம் கிடைத்திருந்தது. ஆணி மரம் அந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. மண்ணுக்கு அடியில் நாலு மரத்து வேரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

மைரேவுக்கு போன் செய்து சேதியைச் சொன்னேன். வியாழக்கிழமை பொக்லைன் வரும் என்றும் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் இல்போ வந்தான். கதவருகில் பூட்ஸைக் கழற்றினான், ஏப்ரலில் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காபி போட்டேன். முதல் கோப்பையைக் குடித்தான். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன; காலை நீட்டியே வைத்திருந்தான். இரண்டாவதைக் குடித்தான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கோப்பையைப் பார்த்தான். பிறகு அதை மெதுவாக என் பக்கம் நீட்டினான்.

ஊற்றினேன். அவன் என்ன கேட்க வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்லப்போகிறேன் என்றும் தெரியும். மூஸ் மானைப் பற்றிப் பேசிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படிப் பேசினால் அவன் கேட்காமலே எழுந்து போவான். நானும் மறுக்காமலே தப்பித்துவிடலாம்.

"சரி" என்றேன். "என்ன சேதி?"

அவன் கோப்பையைத் தொடவில்லை.

"அந்த ஒண்ண மட்டும் விட்டுடலாமா, அக்கா?" என்றான். "ஹென்னா மரத்த. சுத்தியிருக்கிற மூணு கட்டையையும் நானே கையால தோண்டி எடுத்துடுறேன். எத்தன நாள் ஆனாலும் சரி. அந்த ஒண்ண மட்டும். கேக்குறேன்."

அறுபது வருஷத்தில் என் தம்பி என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜூன் மாதத்தில் ஆறு மூட்டையைக் கேட்டிருந்தால் கொட்டிக் கொடுத்திருப்பேன். ஏப்ரலில் நான் எடுத்துக்கொடுத்திருந்தால் கேட்டும் இருப்பான். எல்லாம் முடிந்து, கொடுக்க முடியாத ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறபோது வந்து கேட்கிறானே, பாவி. எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேஜையை அப்படியே புரட்டிப் போட வேண்டும் போலிருந்தது.

"முடியாதுடா" என்றேன். "வேர் பின்னியிருக்கு. அத விட்டா, அதுல இருந்து அடுத்தது, அதுல இருந்து அடுத்தது. காடு போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேட்டியா?"

"நீதான் 'என்ன சேதி'ன்னு கேட்ட."

மூன்றாவது கோப்பையை அவன் முழுசாகக் குடித்தான். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்ஸைப் போட்டான். கதவைத் திறந்துவிட்டு, திரும்பாமலே சொன்னான்:

"இன்னிக்கே போய் ஆணியெல்லாம் பிடுங்கிடுறேன். இல்லேன்னா நாளைக்கு உன் மிஷினு பல்லு போயிடும்."

"தொடாதே!" என்று கத்தினேன். பஸ்ஸில் முப்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அது. அவன் அப்படியே நின்றான். "ஒரு ஆணி மேல கை வெச்ச, கைய ஒடிச்சுடுவேன். மிஷினு என்னோடது. பல்லு போனா போகட்டும்."

வியாழக்கிழமை காலை பொக்லைன் வருவதற்கு முன்னால் நானே போய் அந்த மரத்தை ஆணிகளோடேயே வெட்டித் துண்டு போட்டேன். பெட்டியில் இரண்டு புதுச் சங்கிலி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டும் தேவைப்பட்டன.